இடுப்பு மூட்டு மாற்று: மரப்பு இறங்கிய பிறகு

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு நாள் குறித்ததும் வீட்டில் தொடங்கும் விவாதம் ஒன்றுதான்: முழு மயக்கமா, முதுகில் ஊசியா? பக்கத்து வீட்டுப் பெரியவர் தூங்கவைத்துச் செய்வதே நல்லது என்பார். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டுக்கொண்ட மகள், "அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்கம்மா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் முதுகு வலிக்குது" என்பாள். அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவர் பார்க்க வரும்போது குடும்பமே இந்த ஒரு கேள்வியோடு காத்திருக்கும்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அறுவை நடக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நோயாளிக்கு வலி தெரியப் போவதில்லை. வலி வருவது அதற்குப் பிறகு: மரப்பு இறங்கும் மாலையில், தூக்கம் வராத முதல் இரவில், மறுநாள் காலை பிசியோதெரபிஸ்ட் வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலருகில் வைக்கும்போது. அந்த நேரங்களுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்பவர்கள் குறைவு. மருத்துவ உலகம் கடந்த இருபது ஆண்டுகளாக மூளையைக் கசக்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான்.

அறுவையில் நடப்பது என்ன என்று தெரிந்தால் வலியின் காரணம் புரியும். தொடை எலும்பின் மேல்முனையில் இருக்கும் பந்தை அறுத்து எடுக்கிறார்கள். இடுப்பெலும்பில் அது பொருந்தியிருந்த குழியைக் கடைந்து புதிய கிண்ணம் ஒன்றைப் பதிக்கிறார்கள். தொடை எலும்பின் உட்குழலைத் துருவி, உலோகத் தண்டு ஒன்றைச் சுத்தியலால் அடித்து இறக்குகிறார்கள். தோல், தசை, மூட்டைச் சுற்றியுள்ள உறை, எலும்பு எல்லாம் காயப்படுகின்றன. இருந்தும் முழங்கால் மூட்டு மாற்றோடு ஒப்பிட்டால் இடுப்பில் வலி குறைவு. முதல் 24 மணி நேரத்தில் உச்சத்தில் இருந்து, இரண்டு மூன்று நாட்களில் தெளிவாக இறங்கிவிடும்.

நவீன இடுப்பு மாற்று அறுவைக்கு வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. 1960களின் தொடக்கத்தில் அவர் அறுவை செய்த நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். படுத்திருப்பவருக்குக் கால் முழுக்க மரத்துக் கிடந்தால் நஷ்டமில்லை. இன்று அறுவை நடந்த அன்றே, தவறினால் மறுநாள் காலையில், எழுந்து நிற்க வைக்கிறார்கள். படுக்கையில் கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நுரையீரலில் சளி கட்டும், முதியவருக்குச் சில நாட்களிலேயே தசை வலுவிழக்கும். இதனால் வலி நிவாரணத்தின் அளவுகோலே மாறிவிட்டது. படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது போதாது. காலை ஊன்றி நடக்கும்போது வலி தாங்கும் அளவில் இருக்க வேண்டும், அந்தக் காலுக்கு உடம்பைத் தாங்கும் பலமும் இருக்க வேண்டும். வலியை முற்றாகக் கொன்று காலையும் செயலிழக்க வைக்கும் முறைக்கு இன்று மதிப்பெண் குறைவு. கீழே வரும் ஒவ்வொரு முறையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சில முறைகள் ஏன் ஓரங்கட்டப்பட்டன என்பது தெரியும்.

முதுகு ஊசியிலிருந்து தொடங்கலாம். கீழ்முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே மெல்லிய ஊசியைச் செலுத்தி, தண்டுவட நீர் இருக்கும் பைக்குள் சில மில்லிலிட்டர் மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் பியூபிவக்கேன். ஊசி போகும் இடத்தில் தண்டுவடம் கிடையாது, அது இன்னும் மேலேயே முடிந்துவிடுகிறது. அங்கே நீரில் மிதப்பவை நரம்பு வேர்கள் மட்டும். சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே சூடு பரவி, கால்கள் கனத்து, பிறகு இரண்டு கால்களையும் அசைக்க முடியாமல் போகும். இரண்டு முதல் நான்கு மணி நேரம் இது நீடிக்கும். விழித்திருக்க விரும்பாதவர்களுக்கு லேசாகத் தூங்கவைக்கும் மருந்தும் சேர்த்துத் தருவார்கள். ரம்பமும் சுத்தியலும் எழுப்பும் சத்தம் அறுவைக் கூடத்துக்குப் பழகாத காதுக்குக் கொஞ்சம் கலவரமாகவே இருக்கும். சில இடங்களில் காதில் ஹெட்போன் மாட்டி இளையராஜாவை ஓடவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு.

இந்த முறை பிறந்த கதையிலேயே இக்கட்டுரையின் சிக்கல் அடங்கியிருக்கிறது. 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்ற அறுவை மருத்துவர் முதுகுத்தண்டில் கோக்கேன் செலுத்தி அறுவை செய்தார். பிறகு தன் உதவியாளர் ஹில்டெப்ராண்டுக்கும் அதையே செலுத்தி, மரத்துப்போன அவர் காலைக் கிள்ளி, குத்தி, இரும்புச் சுத்தியலால் முன்காலில் அடித்துப் பார்த்தார். ஹில்டெப்ராண்டுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் மகிழ்ச்சியோடு இரவு விருந்துண்டு மது அருந்தினார்கள். அடிபட்ட காலும் தலைவலியும் தம் வேலையைக் காட்டியது மரப்பு இறங்கிய பிறகுதான். அந்தத் தலைவலிக்குக் காரணம், அன்றைய தடித்த ஊசி போட்ட துளை வழியே தண்டுவட நீர் கசிந்தது. இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை, முனையும் திசுவை வெட்டாமல் விலக்கிச் செல்லும் வடிவம் கொண்டது. இடுப்பு மாற்று செய்துகொள்ளும் வயதில் இந்தத் தலைவலி அபூர்வம்.

மகள் சொன்ன முதுகு வலிக்கு வருவோம். ஊசி போட்ட இடத்தில் சில நாட்கள் தொட்டால் வலிக்கலாம். அதைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கு இந்த ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்வது, குனிந்து குழந்தையைத் தூக்குவது, வயிற்றுத் தசை பலவீனம் எல்லாம் இருக்க, பழி ஊசியின் தலையில் விழுந்துவிட்டது. இந்த ஒரு நம்பிக்கையால் முதுகு ஊசியை மறுக்கும் பெரியவர்கள் நம் ஊரில் ஏராளம்.

முழு மயக்கத்தில் நோயாளி தூங்குகிறார், மூச்சுக்குக் குழாய் வைக்கிறார்கள். விழித்தெழும்போது மரப்பு எதுவும் மிச்சமிருக்காது. மயக்கம் தெளிந்த உடனே வலி ஆரம்பம். அதனால் முழு மயக்கம் என்றால் தூங்கும்போதே வலி மருந்துகளை ஏற்றிவைத்திருக்க வேண்டும். முதுகு ஊசியில் முதல் சில மணி நேரம் இலவசமாகக் கிடைக்கிறது.

எது பாதுகாப்பு என்ற கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடியது ரீகெயின் என்ற ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு எலும்பு முறிந்து அறுவைக்கு வந்த, 50 வயது தாண்டிய 1,600 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். முடிவு 2021இல் வெளியானது. 60 நாட்களுக்குப் பிறகு உயிரிழப்பிலும், துணையின்றி நடக்கும் திறனிலும், அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. முதியவருக்கு முழு மயக்கம் கொடுத்தால் புத்தி பேதலிக்கும் என்ற பரவலான பயத்துக்கு இது ஒரு பதில். சீனாவில் 65 வயது தாண்டியவர்களிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வும் மனக்குழப்ப விஷயத்தில் இதையே சொன்னது. இவை இரண்டும் எலும்பு முறிந்து அவசரமாக வந்தவர்களைப் பற்றியவை. நாள் குறித்து நிதானமாகச் செய்யும் மூட்டு மாற்றில் சிக்கல்கள் முதுகு ஊசியில் குறைவு என்று கருதி, 2019இல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று அதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. என் கணிப்பில், தடை எதுவும் இல்லாதவர் முதுகு ஊசியை ஏற்றுக்கொள்வது நல்லது. ஏதோ காரணத்தால் முழு மயக்கம்தான் என்று மருத்துவர் சொன்னால் பதற வேண்டியதும் இல்லை.

முதுகு ஊசியின் ஆயுள் சில மணி நேரம்தான் என்பதால் அதை நீட்டிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மரப்பு மருந்தோடு துளியளவு மார்ஃபின் சேர்ப்பது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு போதும், வலி நிவாரணம் கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடும். காலின் பலத்தை இது தொடுவதில்லை. கேட்க அருமையாக இருக்கிறது. இடைஞ்சல் வேறு வழியில் வரும். உடம்பெல்லாம் அரிக்கும், குறிப்பாக மூக்கும் முகமும். குமட்டும். சிறுநீர் கழிக்க முடியாமல் போகலாம், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு இது பெரும் தொல்லை. மிக அபூர்வமாக, பல மணி நேரம் கழித்து, மூச்சு மந்தமாகும். அதனால் அந்த இரவு மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கவனிக்க ஆள் வேண்டும். இரவுப் பணியில் ஒரே நர்ஸ் முப்பது கட்டில்களைப் பார்க்கும் வார்டில் இந்தத் துளி மார்ஃபினைச் சேர்க்கத் தயங்கும் மயக்க மருத்துவரின் தயக்கம் சரியானதே.

எபிடியூரல் ஒரு காலத்தில் ராஜ வைத்தியமாக இருந்தது. தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைத்து, நாள்கணக்கில் மரப்பு மருந்தைச் சொட்டவிடலாம். வலியை அடக்குவதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் இரண்டு கால்களும் கனக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர்க் குழாய் கழற்ற முடியாமல் கிடக்கும், நோயாளி சொட்டுக் கம்பியோடும் பம்போடும் கட்டப்பட்டவர்போல் இருப்பார். எல்லாவற்றையும்விடச் சிக்கலானது ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி. இடுப்பு மாற்றுக்குப் பின் காலில் ரத்தம் கட்டாமல் இருக்க எனாக்சபரின் போன்ற ஊசி போடுவார்கள். அது உடம்பில் வேலை செய்யும்போது எபிடியூரல் குழாயை உருவினால் முதுகுக்குள் ரத்தம் கசிந்து தண்டுவடத்தை நெருக்கலாம். அதனால் தடுப்பு அளவு ஊசி போட்டுக் குறைந்தது 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுக்க வேண்டும், எடுத்து 4 மணி நேரமாவது கழித்தே அடுத்த ஊசி. இந்தக் கணக்கைத் தவறவிட்டால் நிரந்தர வாதம் வரைக்கும் போகும். பழைய செயற்கை மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்கும் பெரிய அறுவைகளில் எபிடியூரலுக்கு இன்னும் இடம் உண்டு. முதல்முறை செய்யும் சாதாரண இடுப்பு மாற்றில் அது பெரும்பாலும் விடைபெற்றுவிட்டது.

இனி நரம்பு பிளாக்குகள், அதாவது வலியைக் கடத்தும் நரம்புகளை மரப்பு மருந்தால் மரக்கச் செய்யும் ஊசிகள். இங்கேதான் இன்று புதுமைகள் நடக்கின்றன, மயக்க மருத்துவர்கள் கூடும் மாநாடுகளில் சண்டையும் நடக்கிறது. அடிப்படைச் சிக்கல் உடற்கூறில் இருக்கிறது. இடுப்பு மூட்டுக்கு ஒரே நரம்பு கிடையாது. மூட்டு உறையின் முன்பக்கத்துக்குத் தொடை நரம்பிலிருந்தும் அதன் அருகே உட்புறமாக ஓடும் அடைப்பு நரம்பிலிருந்தும் கிளைகள் வருகின்றன. வலி உணர்வு மிக அடர்ந்த பகுதி இதுதான். பின்பக்கத்துக்கு வேறு நரம்புகள். அறுத்துத் தைத்த தோலுக்கு இன்னும் வேறு நரம்புகள். ஒரே ஊசியில் இத்தனையையும் மூடுவது நடக்காத காரியம். அப்படி மூடப் போனால் காலின் பலமும் சேர்ந்து போய்விடும்.

தொடை நரம்பை நேரடியாக மரக்கச் செய்யும் பிளாக் அப்படித்தான் தோற்றது. வலி குறைகிறது, ஆனால் தொடையின் முன்தசை வேலை செய்யாமல் முழங்கால் மடங்கிவிடுகிறது. கழிப்பறைக்குப் போக எழுந்தவர் விழுந்தால், புதிதாக வைத்த மூட்டு நழுவலாம், எலும்பு முறியலாம். முதுகுத் தசைக்குள் ஆழமாகப் போடும் இடுப்பு நரம்புப் பின்னல் பிளாக் இன்னும் அதிகப் பகுதியை மூடும். ஆனால் ஊசி ஆழமாகப் போவதால் உள்ளே ரத்தக் கட்டு, மருந்து தண்டுவடப் பக்கம் பரவுவது போன்ற ஆபத்துகள் கூடவே வரும். வழக்கமான இடுப்பு மாற்றில் இவை இரண்டையும் நிபுணர் வழிகாட்டிகள் இப்போது பரிந்துரைப்பதில்லை.

நிலைத்து நின்றது ஃபேசியா இலியாக்கா பிளாக். பிரான்சில் தாலென்ஸ் என்பவரும் சகாக்களும் 1989இல் குழந்தைகளுக்கென விவரித்த முறை இது. தொடை மடிப்பருகே தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு அடியில் 30, 40 மில்லிலிட்டர் நீர்த்த மரப்பு மருந்தைச் செலுத்துகிறார்கள். மருந்து சவ்வுக்கு அடியில் பரவி, தொடை நரம்பையும் வெளித்தொடைத் தோலுக்குப் போகும் நரம்பையும் எட்டுகிறது. பெரிய நரம்பையோ ரத்தக் குழாயையோ நெருங்காமலேயே வேலை முடிகிறது. ஊசி இரண்டு சவ்வுகளைத் துளைக்கும்போது கைக்குத் தெரியும் இரு சிறு சொடுக்குகளை வைத்தே அனுபவசாலிகள் இதைப் போட்டுவந்தார்கள். இன்று அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுவதே வழக்கம். நம் நாட்டில் இதில் ஒரு வினோதச் சிக்கல் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவிகள் பதிவு செய்யப்பட வேண்டும். நரம்பைத் தேட மயக்க மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கருவிக்கும் அந்தக் கட்டுப்பாடு பொருந்துகிறது. சிறு ஊர் மருத்துவமனைகளில் பிளாக்குகள் மெதுவாகப் பரவியதற்கு இந்தக் காகித வேலையும் ஒரு காரணம்.

ஃபேசியா இலியாக்காவிலும் தொடைத் தசை ஓரளவு தளரத்தான் செய்யும். அதைத் தவிர்க்க 2018இல் கனடாவின் டொரண்டோவில் ஒரு குழு புதிய பிளாக்கை விவரித்தது. பெயர் பெங் பிளாக். மூட்டுறையைச் சூழ்ந்த நரம்புக் கூட்டம் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. குழுவில் பிலிப் பெங் என்ற மருத்துவரும் இருந்தார். தொடை நரம்பை விட்டுவிட்டு, அதிலிருந்து மூட்டின் முன்பக்கத்துக்குப் பிரியும் சிறு கிளைகளை மட்டும், அவை இடுப்பெலும்பின் மேல் ஓடும் இடத்தில் 20 மில்லிலிட்டர் மருந்தால் நனைப்பதே யோசனை. முதல் கட்டுரையில் இருந்தது எலும்பு முறிந்த ஐந்தே நோயாளிகளின் அனுபவம். அடுத்த சில ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வலி குறையும், காலின் பலம் பெரும்பாலும் தப்பும். தோலுக்கும் மூட்டின் பின்பக்கத்துக்கும் இது உதவாது, அதிக மருந்து செலுத்தினால் தொடை நரம்புக்கும் கசிந்து தசை தளரும். மற்ற மருந்துகளை ஒழுங்காகக் கொடுத்த நோயாளிகளிடம் பெங் பிளாக் கூடுதலாக என்ன தருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. புதுமைக்குக் கிடைக்கும் கைதட்டலில் கொஞ்சம் கழித்துக்கொண்டு பார்ப்பதே இப்போதைக்கு நல்லது.

பிளாக் போடாமலேயே அறுவை மருத்துவர் காயத்தை மூடும்முன் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களில் நேரடியாக மரப்பு மருந்து ஊசிகளை ஏற்றிவிடுவது இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கெர், கோஹன் என்ற இருவர் 2008இல் 325 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டபின் இது பரவியது. ரோபிவக்கேன், ஓர் அழற்சி எதிர்ப்பு மருந்து, அட்ரினலின் மூன்றையும் கலந்து அவர்கள் பயன்படுத்தினார்கள். தனிக் கருவி, தனி நேரம் எதுவும் தேவையில்லை, கால் பலவீனமும் இல்லை. இதன் பலன் முழங்காலில் பளிச்சென்று தெரிகிறது, இடுப்பில் அவ்வளவு இல்லை. ஆனாலும் அல்ட்ராசவுண்டும் பழகிய கையும் இல்லாத இடத்தில் இதுவே நடைமுறைக்கு உகந்தது. பிளாக்கும் போட்டு இதையும் சேர்த்தால், இரண்டிலும் செலுத்திய மரப்பு மருந்தின் மொத்தத்தைக் கணக்கிட்டாக வேண்டும். அளவு மீறினால் உதடு மரப்பது, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் என்று தொடங்கி வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு வரை போகலாம். விழித்திருக்கும் நோயாளி "வாய் ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

இத்தனை ஊசிகளைப் பற்றிப் பேசியபின், அதிக வேலை செய்வது மாத்திரை என்று சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். உண்மை அதுதான். காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபன் வகை அழற்சி எதிர்ப்பு மாத்திரையும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று டென்மார்க்கில் ஆறு மருத்துவமனைகளில் இடுப்பு மாற்று செய்துகொண்ட 556 பேரிடம் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு இது: முதல் 24 மணி நேரத்தில் நோயாளிகளுக்குத் தேவைப்பட்ட மார்ஃபின், பாராசிட்டமால் மட்டும் எடுத்தவர்களுக்கு 36 மில்லிகிராம், ஐபுபுரூஃபன் மட்டும் எடுத்தவர்களுக்கு 26, இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 20. பாராசிட்டமாலை மட்டும் நம்பியவர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பாதி. அதே நாட்டுக் குழுக்கள் பின்னர் இந்த இரண்டோடு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றும் சேர்ந்த கூட்டணிதான் மேலாக நின்றது. அறுவையின்போது ஒரே தடவை 8 முதல் 10 மில்லிகிராம் போடும் இந்த ஊசி குமட்டலையும் அடக்கும். சர்க்கரை நோயாளிக்கு ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறுவை வகை வாரியாக வலி நிவாரணத்தை ஆராய்ந்து பரிந்துரைக்கும் ஐரோப்பிய நிபுணர் குழுவான பிராஸ்பெக்ட் 2021இல் இடுப்பு மாற்றுக்குச் சொன்னதும் இதை ஒட்டியே: பாராசிட்டமால், அழற்சி எதிர்ப்பு மருந்து, டெக்சாமெதசோன், அதோடு ஒரு முறை போடும் ஃபேசியா இலியாக்கா பிளாக் அல்லது மூட்டைச் சுற்றி மரப்பு ஊசி. மார்ஃபின் வகைகள், இவற்றையும் மீறி வரும் வலிக்கு மட்டும். நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் காபாபென்டின், பிரிகாபலினை அந்தக் குழு ஏற்கவில்லை. முதியவர்களுக்கு இவை தலைசுற்றலும் மந்தமும் தரும். மார்ஃபின் வகைகளோடு சேரும்போது மூச்சு மந்தமாகலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகமும் 2019இல் எச்சரித்தது. முதல்நாள் எழுந்து நிற்கும்போது தள்ளாடுவது மருந்தாலா, அறுவையாலா என்று தெரியாமல் குடும்பம் குழம்புவதற்கு இந்த மாத்திரைகள் சில நேரம் காரணம்.

மார்ஃபின், ஃபென்டனில், டிராமடால் இவற்றைப் பேயாகப் பார்க்க வேண்டாம். வலி பொறுக்க முடியாதபோது அவையே கைகொடுக்கும், இரண்டு மூன்று நாள் எடுத்தால் அடிமையாகிவிடுவோம் என்று பயந்து வலியைத் தின்றுகொண்டிருப்பது தேவையற்றது. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. குமட்டலால் சாப்பிட முடியாது, சாப்பிடாதவர் நடக்க மாட்டார். மலம் கட்டிக்கொள்ளும். உயரம் கூட்டிய வெஸ்டர்ன் கழிப்பறையில், இடுப்பை அதிகம் மடக்கக் கூடாது என்ற கட்டளையோடு உட்கார்ந்து முக்குவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவரைக் கேட்டால் தெரியும். டிராமடால் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். முதியவருக்கு மனக்குழப்பமும் வரலாம். பேரனைத் தம்பி பெயரால் கூப்பிட்டு, நடுராத்திரியில் ஊருக்குப் பஸ் பிடிக்கக் கிளம்பும் தாத்தாக்களை எலும்பு வார்டில் பணிபுரிபவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். இதற்கு மருந்து மட்டும் காரணமாகாது. அடங்காத வலியும், தூக்கமின்மையும், கண்ணாடியும் காதுக் கருவியும் பையிலேயே கிடப்பதும் சேர்ந்துகொள்ளும்.

அழற்சி எதிர்ப்பு மாத்திரைக்கும் ஒவ்வாத உடம்புகள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள், குடற்புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், இதயப் பலவீனம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது, அல்லது மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். அப்படிப்பட்டவருக்குத்தான் பிளாக்கின் மதிப்பும் துளி மார்ஃபினின் மதிப்பும் கூடுகிறது. மாத்திரைக் கூட்டணியின் ஒரு காலை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு ஆளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாததன் காரணம் இதுதான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து குளோபிடோக்ரல் எடுப்பவருக்கு அந்த மாத்திரையை 5 முதல் 7 நாட்கள் முன்பே நிறுத்தாவிட்டால் முதுகு ஊசி ஆபத்து. நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. ஆஸ்பிரின் மட்டும் எடுப்பவருக்கு முதுகு ஊசிக்குத் தடையில்லை.

நம் நாட்டில் இடுப்பு மாற்று முதியவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசிந்துபோய், முப்பது நாற்பது வயதில் அறுவைக்கு வருபவர்கள் இங்கே கணிசம். இளையவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய வலி பொதுவாகக் கூடுதலாகவே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் டிராமடால் சாப்பிட்டு நாளைத் தள்ளியவர்களுக்கு வழக்கமான அளவு வலி மருந்து எடுபடாது. "தினம் எத்தனை மாத்திரை போடுறீங்க" என்று மயக்க மருத்துவர் கேட்கும்போது வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்பவர் அன்றிரவே அதற்கான விலையைக் கொடுப்பார்.

பிளாக்கின் இன்னொரு குணத்தையும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது படிப்படியாக இறங்காது. அரை நாளோ அதற்குச் சற்று மேலோ சுகமாக இருந்துவிட்டு, பெரும்பாலும் இரவு நடுவில், திடீரென்று விட்டுப்போகும். அதுவரை வலியே இல்லை என்று மாத்திரையை வேண்டாமென்று ஒதுக்கியவருக்கு அப்போது மொத்த வலியும் ஒரேயடியாக இறங்கும். வலி இல்லாதபோதும் நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும் என்று நர்ஸ் வற்புறுத்துவது இதனால்தான்.

வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இது சரிப்பட்டு வருவதில்லை. எண் சொல்லத் தயங்கி, "பரவாயில்லம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்பார்கள். அதுவும் அசையாமல் படுத்திருக்கும்போது கேட்டால் 2 என்பார்கள். இருமச் சொல்லி, காலைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்டால் 8 வரும். கூட இருப்பவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணை. பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு ஒரு மணி நேரம் முன்னால் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தால், முதல் பத்தடி நடை வேறு விதமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்தபின் முதலில் டிராமடால் வகையை நிறுத்தி, பிறகு அழற்சி எதிர்ப்பு மாத்திரையை நிறுத்தி, கடைசியாகப் பாராசிட்டமாலைக் குறைப்பது வழக்கமான வரிசை. எடை குறைந்த முதியவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் பாராசிட்டமாலின் நாளளவு மற்றவர்களுக்குரிய 4 கிராமைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கும் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையைப் படித்துப் பார்ப்பது அவசியம். நாளுக்கு நாள் குறைந்துவந்த வலி திடீரென்று எகிறி, கால் குட்டையாகியோ திரும்பியோ தெரிந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக் கட்டு இருக்கலாம். காயத்தில் சீழோ, காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ வந்தால் கூடுதல் மாத்திரை போட்டுக் காத்திருக்கக் கூடாது, அந்த மணிநேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.